யார் பெயருக்கு?

1

பினாங்கில் பொழுது மூன்று முறை விடிகிறது. முதலில், இருள் பிரியாத வேளையில், பள்ளிவாசலின் பாங்கொலி எழுகிறது. அது அடங்கிய சற்று நேரத்தில், பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் தம் வாசல் தூணில் மாட்டியிருக்கும் சிவப்பு மாடத்தில் வானத்துக் கடவுளுக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார். அந்தப் புகை எங்கள் சன்னல் வழியே உரிமையோடு நுழைகிறது. பிறகு, வெளிச்சம் கடலுக்கு அப்பாலிருந்து மெல்ல ஏறிவரும்போது, தெருக்கோடி முருகன் கோவிலின் மணி ஒலிக்கிறது.

அரைத் தூக்கத்தில் கிடந்து இம்மூன்றையும் உள்வாங்குவது என் நெடுநாளைய வழக்கம். அப்போது நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது எனக்குத் தெளிவாக இராது. சில காலைகளில் மாயூரத்தில் நான் பணியாற்றிய கல்லூரியின் ஆசிரியர் அறை கண்முன் வரும். நீண்ட மேசை, சுண்ணக்கட்டித் தூள், மூலையில் அமர்ந்து கடவுள் இல்லை என்று நிறுவிக்கொண்டிருக்கும் என் தோழர் கலியபெருமாள். பெயரிலேயே பெருமாளை வைத்துக்கொண்டு அவர் நடத்திய வழக்கு அது. நான் மறுதரப்பு. மணி அடித்ததும் இருவரும் எழுந்து அவரவர் வகுப்புக்குப் போய்விடுவோம். வழக்கு மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும்.

அந்தக் கலியபெருமாள் சென்ற மாதம் கைப்பேசியில் அழைத்தார். ஓய்வு பெற்ற பின்னும் குரலில் அதே கூர்மை.

"நீ இன்னும் கோவிலுக்குப் போய்க்கிட்டுதான் இருக்கியாமே. எதுக்குய்யா? இத்தனை வருஷம் அவன்கிட்ட கேட்டு என்ன கெடைச்சுது? அத ஒரு கட்டுரையா எழுதி அனுப்பு, நான் திருத்தித் தரேன்."

எழுதுகிறேன் என்றேன். கேலிக்காகச் சொன்னதுதான். ஆயினும் அந்த அழைப்பு வந்த அதே வாரத்தில், கேட்பது என்ற செயலே எனக்கு விலக்கப்பட்டுவிட்டது. அந்த நாட்களைப் பற்றியவை இக்குறிப்புகள். கலியபெருமாள் திருத்தட்டும்.

2

என் பிழைப்பு இங்கே என்னவென்று ஊரிலுள்ளோர் பலருக்குத் தெரியாது. பினாங்கில் பிறந்து வளர்ந்த சரோஜாவை மணந்து இத்தீவுக்கு வந்த நான், தமிழ் நாள்காட்டி அச்சிடும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். கண் ஒத்துழைக்கும் மட்டும் செய்வேன்.

எழுத்துப் பிழை பார்ப்பதோடு அவ்வேலை முடிவதில்லை. ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கக் கணக்கை மலேசியக் கடிகாரத்துக்கு மாற்ற வேண்டும். ஊரில் காலை ஆறு மணிக்கு முடியும் நட்சத்திரம் இங்கே எட்டரைக்கு முடிகிறது. வானத்தில் நிகழ்வது ஒன்றே, கடிகாரங்கள்தாம் வேறு. தாளின் மீது குனிந்து ஒவ்வொரு நட்சத்திரத்தையும் இரண்டரை மணி நேரம் நகர்த்தும்போது, ஊரை அதே அளவுக்குப் பின்னே விட்டுவந்த ஒருவனின் மயக்கம் எனக்கு அவ்வப்போது ஏற்படுவதுண்டு. அங்கே என் தெரு இன்னும் விழிக்கவில்லை. இங்கே நான் தேநீர் குடித்து முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குச் செல்லுமுன் கோவில். முகப்பில் அர்ச்சனைச் சீட்டும் தட்டும் வாங்கிக்கொண்டு சந்நிதியில் நின்றால், குருக்கள் கேட்பது ஒரே கேள்வி: யார் பெயருக்கு? பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னால், இறைவனின் பெயர்களுக்கு முன்னால் அப்பெயரைச் சேர்த்துச் சொல்வார். சரோஜா இருந்தவரை அவள்தான் சொல்லுவாள். என் பெயரில் தொடங்கி, மகளின் பெயரைச் சொல்லி, தன் பெயரில் முடிப்பாள். அவள் மறைந்த பிறகு தட்டை ஏந்துகிறவன் நான். நான் சொல்வது ஒரு பெயர்தான். எழிலரசி, அனுஷம், விருச்சிகம்.

இதில் ஒரு முரண் உண்டு, மறைக்கவில்லை. நான் பயின்ற நூல்கள் இறைவனிடம் பொருள் கேட்பதைத் தாழ்ந்த நிலை என்றே சொல்லுகின்றன. ஆசிரியர் அறையில் கலியபெருமாளிடம் அதையே முழங்கினேன். சந்நிதியில் தட்டோடு நின்றதும் அந்தப் படிப்பெல்லாம் செருப்போடு வெளியே நின்றுவிடும். வாரந்தோறும் மகளுக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

3

எழிலரசி கடலுக்கு அப்பால், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மின்னணுச் சில்லுகளைச் சோதித்துப் பழுதானவற்றைப் பிரித்தெடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பானவள். வீட்டில் என்னோடு தமிழ் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நான் பிறந்த ஊர் அவளுக்கு இருமுறை போய்வந்த வெயிலும் உறவினரும் நிறைந்த ஓரிடம். அவ்வளவுதான். அதை இப்போது குறையாக நான் எண்ணுவதில்லை.

ஒரு மாலை, உண்டு முடித்துத் தட்டை எடுக்கப்போன என்னை உட்காரச் சொன்னாள்.

"ஒன்னு சொல்லணும்ப்பா. சொன்னதும் எந்திரிச்சு சாமி மேடைக்கு ஓடக் கூடாது. ஓகே?"

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுப் பக்கத்தில், ஒரு சிறு கட்டி. என் கையை எடுத்து அங்கே வைத்தாள். விழுங்கும்போது அது விரலுக்கடியில் ஏறி இறங்கியது. மருத்துவர் பார்த்துவிட்டாராம். ஊசியால் சிறிது திசுவை எடுத்து ஆராயப்போகிறார்களாம். பெரும்பாலும் ஒன்றுமிராது என்றும், இருக்கவும் கூடும் என்றும் சொன்னாராம். தொழிற்சாலையில் ஒரு சில்லைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் இவ்வளவையும் சொல்லி முடித்தாள்.

என் கண் என்னையறியாமல் சாமி மேடைப் பக்கம் போயிருக்க வேண்டும்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா. இதத்தான் சொன்னேன்." சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "எனக்காக வேண்டாதீங்கப்பா. கோயில்ல என் பேரைச் சொல்லாதீங்க. வீட்டுலயும்தான். மனசுக்குள்ளயும் வேணாம். நெஜமாத்தான் கேக்குறேன்."

ஏன் என்றேன்.

"நல்லபடியா வந்தா சாமி குடுத்தாருன்னு சொல்லுவீங்க. வரலைன்னா? அப்ப யார் மேல போடுவீங்க?"

இக்கேள்விக்குச் சைவ சித்தாந்த நூல்களில் எழுநூறு ஆண்டுகளாக விடைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் பல எனக்கு மனப்பாடம். அவற்றுள் ஒன்றைச் சொல்ல நிமிர்ந்தேன். அவள் முகத்தில் எனக்குப் பழக்கமான ஒரு சாயல் இருந்தது. அது பதினைந்து வயதில் வந்தது. சரோஜா நோயுற்றுக் கிடந்த ஆண்டு, தைப்பூசத்தில், அம்மாவுக்காக ஒரு மண்டலம் விரதமிருந்து, மஞ்சள் உடுத்தித் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் சுமந்தாள். அவ்வளவு படிகளிலும் ஒரு துளி சிந்தவில்லை. சில வாரங்களில் சரோஜா போய்விட்டாள். அதற்குப் பின் எழிலரசி கோவிலுக்குள் வரவில்லை. வயது, படிப்பு, காலம் என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன்.

வாக்குக் கொடுத்தேன். மனத்துக்குள்ளும் கேட்பதில்லை என்று. கொடுக்கும்போதே அது எவ்வளவு பெரிய வாக்கு என்று தெரிந்தது. என் மகளின் உயிர் பற்றிய அச்சத்தோடு, அந்த அச்சத்தைக் கொண்டுபோய் வைக்க இருந்த ஒரே இடத்தையும் பூட்டிவிட்டு நான் காத்திருக்க வேண்டும்.

4

அவ்வெள்ளிக்கிழமையும் கால்கள் கோவிலுக்கே சென்றன. பழக்கம் என்பது வாக்குக்குக் கட்டுப்படுவதில்லை. தட்டை வாங்கிவிட்ட பிறகே, கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் வந்து நிற்கிறோம் என்பது உறைத்தது.

எங்கள் குருக்கள் கும்பகோணத்துப் பக்கத்தவர். வேலை அனுமதியில் வந்து, அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர். சரோஜா மறைந்த பின் வந்தவர். வழக்கமாக வருவோரிடம் அவர் கேள்வி கேட்பதில்லை. முகத்தைப் பார்த்ததும் பெயரும் நட்சத்திரமும் அவர் நாவில் தாமே வந்துவிடும். அன்றும் தட்டை வாங்கியவுடன் தொடங்கிவிட்டார்.

"அனுஷ நக்ஷத்ரே, விருச்சிக ராசௌ..."

"சாமி, நிறுத்துங்க."

பூவை எடுத்த கை அப்படியே நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

"அந்தப் பேரு வேண்டாம்" என்றேன்.

குருக்கள் குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார்? கொழந்தைக்குக் கல்யாணம் ஆயிடுத்தா? எங்ககிட்டல்லாம் சொல்லவே இல்லையே?"

இல்லையென்று தலையசைத்தேன். வேறு யார் பெயருக்கு என்று கேட்டார். என்னிடம் வேறு பெயர் இல்லை. அவரே ஒரு வழி கண்டார்.

"அப்போ சாமி பேருக்கே பண்ணிடறேன்."

ஊரிலும் இவ்வழக்கம் உண்டு. தனக்கென்று கேட்க ஒன்றுமில்லாதவர்களும், கேட்க மனமில்லாதவர்களும் சாமி பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொல்வார்கள். முருகனின் பெயர்களை, முருகனின் பொருட்டு, முருகனிடமே சொல்லுதல். இளமையில் இதை எண்ணிச் சிரித்திருக்கிறேன். கடலுக்குத் தண்ணீர் வார்ப்பது போலத் தோன்றும். அன்று அப்பெயர்கள் ஒவ்வொன்றாக விழ, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூ விழ, நான் ஒரு வேலையும் இல்லாதவனாக அங்கே நின்றேன். விண்ணப்பம் இல்லை, பேரம் இல்லை. விளக்கு இருந்தது. விளக்குக்குப் பின்னால் கரிய முகம் இருந்தது. எண்ணெயின் மணமும் வாழைப்பழத்தின் மணமும் கலந்து வந்தன. அந்தச் சிறிது நேரம் நான் அஞ்சவில்லை. ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஐயம் பிடித்துக்கொண்டது. நட்சத்திரமும் ராசியும் சொல்லப்பட்டுவிட்டனவே, வாக்குத் தவறிவிட்டேனா? மறைத்து வைக்க என் இயல்பு இடந்தரவில்லை. மாலையில் அவளிடமே முறையிட்டேன். எழிலரசி நெடுநேரம் சிரித்தாள். "பேரைச் சொல்லலைல்ல? அதே நட்சத்திரத்துல எத்தனை லட்சம் பேரு இருக்காங்க. யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்லா."

அதன் பிறகு நாள்தோறும் போனேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்குக் கோவிலில் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அருகில் நின்றவர்களை நான் பார்த்ததேயில்லை. தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளைஞன் தினமும் வருவான். அவன் உதடு அசையாது. வேலைக்கு வந்துவிட்டேன் என்று பதிவு செய்வது போல நின்றுவிட்டுப் பேருந்துக்கு ஓடுவான். சீனர் ஒருவர் தேங்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தம் மொழியில் நெடுநேரம் ஏதோ கதை சொல்லுவார்; முருகனும் கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் அம்மா கடவுளைத் திட்டுவாள். "ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லியா? நேத்தே சொன்னேன்ல?" என்று பக்கத்து வீட்டாரைக் கடிவது போலக் கடிந்துவிட்டு, பிறகு விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு அமைதியாகப் போவாள்.

இவர்களுள் யாரும் கேட்டது கிடைத்ததா என்று கணக்குப் பார்க்க வந்தவர்களாகத் தோன்றவில்லை. சொல்லிவிட்டுப் போக வந்தவர்களாகத் தோன்றினர். கலியபெருமாளின் கேள்வியை அவர்களுள் எவரிடம் கேட்டாலும் என்னை விந்தையாகப் பார்த்திருப்பார்கள்.

5

எடுத்த திசு போதவில்லை என்று தகவல் வந்தது. மீண்டும் எடுத்தார்கள். மீண்டும் காத்திருந்தோம்.

இந்நாட்டில் காத்திருக்க நான் பழகியவன். நிரந்தர வசிப்புரிமைக்காக அலுவலகத்து நாற்காலிகளில் கழித்த காலைகள் கொஞ்சமல்ல. என் பெயரை ஒவ்வொரு முகப்பிலும் ஒவ்வொரு விதமாக அழைத்தார்கள். எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று பழகிவிட்டேன். அப்பழக்கம் மருத்துவமனையிலும் விடவில்லை. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் ஒலிபெருக்கியில் மகளை முழுப் பெயரிட்டு அழைத்தாள். இங்கே தமிழ்ப் பெண்களின் பெயருக்குப் பின், இன்னாரின் மகள் என்ற சொற்களோடு தந்தையின் பெயர் வரும். ழகரம் உருண்டு லகரமாகி, என் அம்பலவாணன் நீண்டு ஆடி அசைந்து, கூடம் முழுதும் எதிரொலித்தது. நான் எழுந்துவிட்டேன்.

"என்னையத்தான் கூப்புடுறாங்க. நீங்க ஏன்ப்பா எந்திரிக்கிறீங்க?"

"என் பெயரும் வந்ததே" என்றேன்.

"அது சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது."

உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. மனத்துக்குள்ளும் கேட்கக் கூடாது என்ற வாக்கு அப்போதுதான் முழுக் கனத்தோடு என் மேல் இறங்கியது. முருகா என்று ஒரு சொல் நெஞ்சில் எழும். அதன் பின்னால் இன்னொரு சொல் வரப்பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவேன். முதற்சொல் மட்டும் தனியே நிற்கும். மூச்சு வாங்குவது போல அது வந்து வந்து போயிற்று.

6

முடிவு சொல்லும் நாளன்று எங்களிடம் கார் இல்லை. ஏதோ பழுதென்று எழிலரசி அதைத் தன் தொழிற்சாலைப் பக்கம், ஜுருவில் பழகிய பட்டறையில் விட்டிருந்தாள். மருத்துவமனையும் அக்கரையில்தான். ஆகவே படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து வாடகைக் காரில் செல்வதென்று ஏற்பாடு.

காற்று முகத்தில் அறையும் பழைய பெரிய படகுகள் போய்விட்டன. இப்போதையவை கண்ணாடி அடைத்துக் குளிரூட்டியவை. கண்ணாடிக்கு வெளியே கடல் ஓசையின்றிக் கிடந்தது. தீவு பின்வாங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் பஞ்சு போல ஒரு மேகம். அதன் கீழே வெள்ளைக் கட்டடங்கள். நாங்கள் நிற்க, ஊர்தான் எங்கோ புறப்பட்டுப் போகிறது என்று தோன்றியது.

எழிலரசி கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அம்மாவுக்குப் பால்குடம் எடுத்தேன்ல. அந்த வெரதத்துல நான் நாசி லெமாக் சாப்புட்டேன்ப்பா."

நான் திரும்பினேன்.

"ஸ்கூல் கன்டீன்ல. முட்டைய எடுத்துட்டேன். நெத்திலிய ஒன்னு ஒன்னா பொறுக்கிட்டேன். சோறும் சம்பலும்தான். பாதி சாப்புட்டப்பறம் பக்கத்துல இருந்த பொண்ணு சொன்னா, சம்பல்ல பெலாச்சான் இருக்குன்னு."

நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல் அதனோடு வரும் மிளகாய் மசியல். பெலாச்சான் என்பது ஊரிலுள்ளோர் அறியாதது. பொடி இறாலை உப்பிட்டு இடித்துப் புளிக்கவைத்த கரும்பழுப்புக் கட்டி. இத்தீவில் எந்தச் சம்பலிலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பது. விரதம் காப்போர் எல்லாரும் வழுக்கி விழும் இடம் அது. தெரியாமல் உண்டது பிழையாகுமா என்று நான் தொடங்குவதற்குள் அவள் முடித்தாள்.

"பசிச்சுச்சு. தெரிஞ்சப்பறமும் மீதிய சாப்புட்டேன்."

படகின் இயந்திரம் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது.

"அப்பறம் அம்மா போயிட்டாங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு நான்தான் தேத்தண்ணி குடுத்தேன். உங்ககிட்ட ஒரு அத்தை சொன்னாங்க, வேண்டுதல்ல எங்கியோ ஒரு குறை இருந்திருக்குன்னு. நீங்க தலைய ஆட்டுனீங்க."

தலையாட்டியது எனக்கு நினைவில்லை. துக்க வீட்டில் யார் எது சொன்னாலும் தலையாட்டுவோம். அந்த அசைவை ஒரு பெண் தேநீர்த் தட்டோடு நின்று பார்த்திருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் தாயின் சாவைத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு உலவியிருக்கிறாள். நல்லபடியாக வராவிட்டால் யார் மேல் போடுவீர்கள் என்று அன்று அவள் கேட்டது கடவுளைப் பற்றியன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இறைவன் அவ்வளவு சிறியவன் அல்லன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மை, ஆனால் அது என் நூல்களின் உண்மை. அவளுக்கு வேண்டியது வேறு. அந்த நேரத்தில்தான் சரோஜாவின் முகம் வந்தது. நோயில் மெலிந்த முகமன்று. ஏதோ திருட்டுத்தனம் செய்யப்போகும் முகம்.

சொன்னேன். அதே விரத நாட்களில் ஒரு காலை. மருத்துவமனைப் படுக்கையில் சரோஜா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னை அருகில் அழைத்தாள். வாயில் வைக்க முடியவில்லை, கீழே போய் ஒரு நாசி லெமாக் வாங்கி வாருங்கள், சம்பல் நிறைய வைக்கச் சொல்லுங்கள் என்றாள். வீட்டில் விரதம் நடக்கிறது, பிள்ளை உனக்காகப் பச்சரிசிச் சோறு தின்றுகொண்டிருக்கிறாள் என்று நான் மறுத்தேன். அதற்கு அவள் சொன்னதை அவள் குரலிலேயே எழிலரசிக்குச் சொன்னேன்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய் வாங்கியாங்கலா."

வாங்கி வந்தேன். இலையை மடியில் விரித்து ஒரு பருக்கை விடாமல் உண்டாள். விரலை நக்கினாள். உண்டு முடித்ததும் மகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டாள். "பாவம், அது எனக்காகப் பட்டினி கெடக்குது. மனசு ஒடைஞ்சிரும்."

எழிலரசி கண்ணாடியை விட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"முட்டையுமா?"

"முட்டையும்தான். நெத்திலியும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எதிர் இருக்கையில் இருந்த மலாய்க்காரர் நாகரிகமாகக் கடலைப் பார்க்கத் தொடங்கினார். ஒரே விரதத்தை இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் முறித்திருக்கிறார்கள். ஒருவர் மனம் உடையக் கூடாதென்று மற்றவர் மறைத்திருக்கிறார். நடுவில் ஒன்றும் அறியாமல் நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டர்வொர்த் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். எழிலரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா பேசியிருப்பாங்களாப்பா? சாமிகிட்ட?" என்று கேட்டாள்.

"உன் அம்மாவைப் பேசவிடாமல் தடுக்க யாரால் முடியும்?" என்றேன்.

7

கட்டி கெட்டதன்று என்றார் மருத்துவர். இப்போதைக்கு அறுவை வேண்டாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். வயதில் என் மகளைவிட இளையவராக இருந்தார். எழிலரசி இரண்டு மூன்று கேள்விகள் கேட்டாள், தலையசைத்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் அம்மருத்துவருக்கு நன்றி சொன்னேன். முகப்புப் பெண்ணுக்குச் சொன்னேன். மின்தூக்கியில் எங்களுக்காகக் கதவைப் பிடித்து நின்றவருக்கும், ஜுருவுக்கு எங்களைக் கொண்டுசென்ற வாடகைக் கார்க்காரருக்கும் சொன்னேன். பட்டறையில் காரை ஒப்படைத்த சீனர், நான் அவர் கையைப் பற்றிக் குலுக்கியதைக் கண்டு, பிரேக்கைச் சரிசெய்ததற்கு இவ்வளவா என்பது போல மகளைப் பார்த்தார். உள்ளே நிறைந்திருந்த ஒன்று இன்னும் குறையவில்லை. அதை இறக்கிவைக்கும் இடம் எனக்குத் தெரியும். ஆனால் கேளாதவன் நன்றி சொல்லலாமா? வாக்கு அதையும் அடக்குமா? சட்டம் பயின்றவனைப் போல இதையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

தீவுக்குப் போகும் கடற்பாலத்தில் ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. இருபுறமும் கடல் பொன்னிறமாக அசையாமல் கிடக்க, கார் தண்ணீரின் மேலேயே மிதந்து போவது போல இருந்தது. தீவு, காலையில் எங்களை விட்டுப் போனது, திரும்பி வந்துகொண்டிருந்தது.

"தெனமும் கோயிலுக்குப் போனீங்கள்ல" என்றாள் எழிலரசி. "என்னதான் செஞ்சீங்க அங்க?"

"நின்றேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

முன்னால் ஊர்ந்த லாரியைக் கடந்தாள்.

"அம்மா இருந்தப்ப உங்க பேரைத்தான் மொதல்ல சொல்வாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப யாருப்பா சொல்றாங்க?"

யாரும் சொல்ல வேண்டிய தேவை என்ன என்றேன். அவள் வீட்டுக்குத் திரும்பும் முனையில் திரும்பாமல் நேரே போய்த் தெருக்கோடியில் காரை நிறுத்தினாள்.

மாலைப் பூசை தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, அவளே போய்த் தட்டு வாங்கி வந்தாள். பதினைந்து வயதில் குடம் சுமந்தது போலவே, ஏதோ சிந்திவிடும் என்பது போல, அதை இரு கையாலும் ஏந்தி வந்தாள். நான் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன்.

குருக்கள் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"இதுதான் எழிலரசியா? பேரும் நக்ஷத்திரமும் இத்தனை வருஷமா சொல்றேன். மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்." மகிழ்ச்சியோடு பூவை எடுத்தார். "அனுஷ நக்ஷத்ரே..."

"சாமி, எனக்கு இல்ல" என்றாள் அவள்.

பூவோடு கை மறுபடியும் நின்றது. இக்குடும்பத்தாரின் அர்ச்சனையை என்னதான் செய்வது என்ற களைப்பு குருக்களின் முகத்தில் தெரிந்தது.

"பின்ன யார் பேருக்கு?"

"அம்பலவாணன்."

அவருக்கு அப்பெயர் யாருடையதென்று தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் அவருக்கு வெறும் சார். எழிலரசி தலையை என் பக்கம் சாய்த்து, "இவங்கதான், எங்க அப்பா" என்றாள்.

"நக்ஷத்திரம்?"

அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். இந்நாட்டிலுள்ள எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும் தாளில் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அதனதன் நேரத்தில் நிறுத்தி வைப்பவன் நான். என் நட்சத்திரத்தை யாரும் கேட்டு நெடுநாளாயிற்று. அவள் காத்திருந்தாள். குருக்களும் பூவும் விளக்கும் காத்திருந்தன.

குனிந்து, அவள் காதில் மட்டும் விழும்படி சொன்னேன். அவள் நிமிர்ந்து அதை உரக்கச் சொன்னாள்.